டைல்ஸ் வாங்க ஃபோஷான், கேபினட் செய்ய ஜேபி: வெளிநாட்டில் வாங்கினால் வீட்டுச் செலவு உண்மையிலேயே குறையுமா?

புது வீட்டுச் சாவி கைக்கு வந்தாச்சு. மூன்று குத்தகையாளர்களிடம் விலை கேட்டாச்சு. மூன்று பேர் சொன்னதும் கையில் இருக்கும் பணத்தைவிட அதிகம்.

அப்போதுதான் யாராவது ஒருவர் சொல்வார்: "ஏன் இங்க வாங்குறீங்க? ஜேபி போங்க, பாதி விலை." இன்னொருவர் இன்னும் ஒரு படி மேலே போவார்: "சீனாவுக்கே போயிடுங்க. ஃபோஷான்ல டைல்ஸ், சோபா, பேசின் எல்லாம் ஒரே ஊர்ல முடிஞ்சிடும். கப்பல்ல அனுப்பிடுவாங்க."

சொல்வது பொய் இல்லை. சிங்கப்பூரில் வீடு புதுப்பிக்கும் பலர் இப்போது இப்படித்தான் வாங்குகிறார்கள். அங்கே விலைச்சீட்டில் இருக்கும் எண் இங்கே இருப்பதைவிடக் குறைவு என்பதும் உண்மை. ஆனால் அந்த எண் வீட்டு வாசலுக்கு வந்து சேரும்போது எவ்வளவாகிறது? எந்தப் பொருளை அங்கே வாங்கலாம், எதைத் தொடவே கூடாது? உடைந்து வந்தால் யாரைக் கேட்பது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

செலவு ஏன் ஏறியது?

சிங்கப்பூரில் டைல்ஸ் ஆலையோ மரக்காடோ கிடையாது. வீட்டுக்குள் போகும் பொருள்களில் ஏறத்தாழ எல்லாமே இறக்குமதிதான். ஒரு டைல்ஸ் நம் தரைக்கு வருமுன் அதை இறக்குமதி செய்தவர், மொத்த வியாபாரி, காட்சிக்கூடம் வைத்திருப்பவர், குத்தகையாளர் எனப் பல கை மாறுகிறது. ஒவ்வொரு கையிலும் வாடகை, சம்பளம், லாபம் சேர்கிறது. சிங்கப்பூரில் கடை வாடகையும் கிடங்கு வாடகையும் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை.

கோவிட்-19 காலத்தில் எல்லைகள் மூடப்பட்டபோது ஊழியர்களும் குறைந்தார்கள், பொருள் வரத்தும் குறைந்தது. அப்போது ஏறிய கூலி முழுதாக இறங்கவில்லை. அதற்குமேல் பொருள், சேவை வரி 7 விழுக்காட்டிலிருந்து 2023 ஜனவரி 1-ஆம் தேதி 8 விழுக்காடானது. 2024 ஜனவரி 1-ஆம் தேதி 9 விழுக்காடானது.

கடன் வாங்கிச் சமாளிக்கலாம் என்றால் அதற்கும் வரம்பு உண்டு. வங்கிகள் தரும் வீட்டுப் புதுப்பிப்புக் கடன் மாத வருமானத்தைப் போல 6 மடங்கு அல்லது 30,000 வெள்ளி, இரண்டில் எது குறைவோ அதுதான். அந்தப் பணமும் பொதுவாகக் குத்தகையாளர் பெயரில்தான் போகும். ஃபோஷான் கடைக்காரருக்கு அதிலிருந்து கொடுக்க முடியாது. வெளிநாட்டில் வாங்குவது என்றால் கையிருப்புப் பணம் வேண்டும். திட்டம் போடும்போது பலர் மறந்துவிடும் விஷயம் இது.

எங்கே போகிறார்கள்?

முதல் இடம் ஜோகூர் பாரு. காரணம் நாணய மாற்று விகிதம். 2010-களின் தொடக்கத்தில் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு ஏறத்தாழ 2.4 ரிங்கிட் கிடைத்தது. இப்போது 3 ரிங்கிட்டுக்கும் மேல் கிடைக்கிறது. கேபினட், அலமாரி, இரும்புக் கதவு, திரைச்சீலை, மெத்தை போன்றவற்றுக்கு ஜேபி பட்டறைகளுக்குப் போகிறவர்கள் அதிகம். அளவு தவறினால் மறுபடி போய்ப் பேசலாம். காலையில் போய் இரவுக்குள் வந்துவிடலாம். இது பெரிய வசதி.

இரண்டாவது, சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில் இருக்கும் ஃபோஷான் நகரம். மட்பாண்டத்துக்குப் பேர்போன ஊர். அங்குள்ள ஷிவான் பகுதியில் 500 ஆண்டுகளுக்கும் மேலாக நெருப்பு அணையாமல் எரிவதாகச் சொல்லப்படும் நன்ஃபெங் சூளை இன்றும் இருக்கிறது. அந்தத் தொழில் வளர்ந்து உலகின் பெரிய டைல்ஸ் சந்தைகளில் ஒன்றாகிவிட்டது. அதே நகரின் ஷுண்டே வட்டாரத்தில் இருக்கும் லெட்சோங் முழுக்க முழுக்க அறைகலன் கடைகள். பக்கத்து நகரமான சோங்ஷானில் உள்ள குஜென் விளக்குகளுக்குப் பெயர் பெற்றது. ஆகவே ஒரே பயணத்தில் தரை, சோபா, விளக்கு மூன்றையும் பார்த்துவிட முடிகிறது.

2024 பிப்ரவரி 9-ஆம் தேதியிலிருந்து சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் சீனாவுக்குப் போகலாம். குவாங்சோவுக்கு விமானத்தில் நான்கு மணி நேரம். அங்கிருந்து ஃபோஷானுக்கு மெட்ரோ ரயிலே இருக்கிறது. ஒரு குறிப்பு: நிரந்தரவாசியாக இருந்தாலும் இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சலுகை பொருந்தாது. விசா எடுக்க வேண்டும். குடும்பத்தில் ஒருவருக்குச் சிங்கப்பூர்க் கடப்பிதழ், இன்னொருவருக்கு இந்தியக் கடப்பிதழ் என்றால் பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே இதைக் கவனிங்க.

மூன்றாவது, எங்கேயும் போகாமல் கைப்பேசியில் வாங்குவது. சீன இணையக் கடைகளில் பொருளைத் தேர்ந்தெடுத்தால் அது அங்குள்ள ஒரு சேகரிப்புக் கிடங்குக்குப் போகும். அங்கிருந்து மற்றவர்களின் பொருள்களோடு சேர்ந்து கப்பல் ஏறும்.

எதை வாங்கலாம்? எதை வாங்கக் கூடாது?

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: தண்ணீர், மின்சாரம், எரிவாயு ஆகிய மூன்றோடு சேராத பொருள்களை வெளியே வாங்கலாம். இந்த மூன்றோடு சேரும் பொருளை இங்கேயே வாங்குங்கள்.

ஏன் அப்படி?

தண்ணீர்: சிங்கப்பூரில் பொருத்தப்படும் குழாய், மிக்சர், கழிவறைத் தொட்டி ஆகியவை பொதுப் பயனீட்டுக் கழகம் வகுத்த தரத்துக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். பேசின் குழாய், சமையலறைக் குழாய், ஷவர் மிக்சர், கழிவறைத் தொட்டி போன்றவற்றை இங்கே விற்க, தண்ணீர்ச் சிக்கன முத்திரை கட்டாயம். டிக் அடையாளங்கள் போட்ட நீலநிற அட்டையைக் கடைகளில் பார்த்திருப்பீர்கள், அதுதான். ஃபோஷான் கடையில் பளபளவென்று தொங்கும் குழாயில் அது இருக்காது. கழிவறைத் தொட்டியில் இன்னொரு சிக்கல்: சுவரிலிருந்து கழிவுக் குழாயின் நடுப்பகுதி வரை உள்ள தூரம். சீனாவில் 300, 400 மில்லிமீட்டர் அளவுகள் பரவலாக விற்கின்றன. உங்கள் வீட்டுக் குழாய் வேறு தூரத்தில் இருந்தால் தொட்டி பொருந்தாது.

மின்சாரம்: பிளக், சுவர் இணைப்பு, மின்விசிறி, வாட்டர் ஹீட்டர் போன்ற 33 வகைப் பொருள்கள் சிங்கப்பூரில் பாதுகாப்பு முத்திரையோடுதான் விற்கப்பட வேண்டும். சீனாவில் 220 வோல்ட், இங்கே 230 வோல்ட். அதனால் "ஓடத்தானே செய்யுது" என்று தோன்றும். ஆனால் பிளக் வடிவம் வேறு. மலேசியப் பிளக் நம்முடையதைப் போலவே மூன்று முனை என்றாலும் அதன்மேல் இருப்பது மலேசிய முத்திரை. வாட்டர் ஹீட்டர் என்பது தண்ணீரும் மின்சாரமும் ஒன்றாக இருக்கும் பெட்டி. அதில் 80 வெள்ளி மிச்சம் பிடிப்பது புத்திசாலித்தனம் இல்லை. எதை வாங்கினாலும் மின்கம்பி வேலையை உரிமம் பெற்ற மின் பணியாளர்தான் செய்ய வேண்டும். முத்திரை இல்லாத பொருளை அவர் தொட மறுக்கலாம். அது அவர் உரிமம் சம்பந்தப்பட்ட விஷயம்.

எரிவாயு: இது பலருக்குத் தெரியாது. சிங்கப்பூரில் பல வீடுகளுக்குக் குழாய் வழியாக வருவது ஹைட்ரஜன் அதிகம் கலந்த நகர எரிவாயு. மலேசியாவில் பெரும்பாலும் சிலிண்டர். சீன நகரங்களில் இயற்கை எரிவாயு. ஒவ்வொன்றுக்கும் அடுப்பின் பர்னர் வேறு. மாற்றிப் பொருத்தினால் சுடர் சரியாக வராது, ஆபத்தும்கூட. அடுப்பை இங்கேயே வாங்குங்கள்.

அப்படியென்றால் எதை வெளியே வாங்கலாம்?

தரை டைல்ஸ், சோபா, சாப்பாட்டு மேசை, கட்டில், கண்ணாடி, திரைச்சீலை, கைப்பிடி, கேபினட் ஆகியவற்றை வாங்கலாம். இவற்றில் ஏதாவது தவறினால் பணம் போகும், மனம் நோகும். உயிர் போகாது.

அலங்கார விளக்கு நடுவில் இருக்கிறது. பிடித்திருந்தால், வாங்குவதற்கு முன்பே படத்தையும் விவரத்தையும் உங்கள் மின் பணியாளருக்கு அனுப்பிக் கேட்டுவிடுங்கள்.

வாங்கும்போது எதைக் கேட்க வேண்டும்?

டைல்ஸ் என்றால் தண்ணீரை எவ்வளவு உறிஞ்சும் என்று கேளுங்கள். 0.5 விழுக்காடு அல்லது அதற்கும் குறைவு என்றால்தான் அது போர்சலின். ஈரமாகும் இடம் என்றால் வழுக்குத் தடுப்பு அளவு ஆர்10 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். எல்லாப் பெட்டிகளிலும் ஒரே தொகுதி எண், ஒரே நிற எண் இருக்க வேண்டும். தொகுதி மாறினால் ஒரே டைல்ஸ் இரண்டு நிறத்தில் தெரியும். தேவையைவிட 10 விழுக்காடு கூடுதலாக வாங்குங்கள். இங்கே என்றால் குறையும்போது கடைக்கு ஓடி இரண்டு பெட்டி வாங்கலாம். ஃபோஷானிலிருந்து இரண்டு பெட்டி வரவழைக்க முடியாது.

கேபினட், அலமாரி என்றால் பலகையிலிருந்து வெளியாகும் ஃபார்மால்டிஹைட் அளவைக் கேளுங்கள். சீனத் தர அளவில் இ1 என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் 0.124 மில்லிகிராம் வரை. இ0 என்றால் 0.050 வரை. இஎன்எஃப் என்றால் 0.025 வரை. குளிரூட்டி போட்டு, சன்னலை மூடித் தூங்கும் வீட்டுக்கு இந்த வேறுபாடு சின்னது இல்லை. விற்பவர் வாயால் சொன்னால் போதாது. பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும்.

செம்மரம் போன்ற ரோஸ்வுட் அறைகலன்மீது ஆசை இருந்தால் ஒரு எச்சரிக்கை. ரோஸ்வுட் வகைகள் அனைத்துலக வனவிலங்கு, தாவர வர்த்தக ஒப்பந்தத்தின்கீழ் வருகின்றன. கனமான மேசை, கட்டில் கொண்டுவர அனுமதி தேவைப்படும். தேசியப் பூங்காக் கழகத்திடம் கேட்காமல் பணம் கட்டாதீங்க.

பெரிய கல் பலகை வாங்கும் முன் உங்கள் புளோக்கின் மின்தூக்கியை அளந்து பாருங்கள். சின்டர்ட் ஸ்டோன் பலகைகள் பெரும்பாலும் 3,200க்கு 1,600 மில்லிமீட்டர் அளவில் வருகின்றன. பத்தாவது மாடிக்கு அது எப்படி ஏறும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

சரி, கணக்கு போட்டுப் பார்ப்போமா?

கீழே உள்ள எண்கள் கணக்கு புரிவதற்காக நாம் வைத்துக்கொண்டவை. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள், முறை ஒன்றுதான்.

நாலறை வீடு. தரை டைல்ஸ், சாப்பாட்டு மேசை, சோபா. சிங்கப்பூரில் மொத்தம் 10,500 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஃபோஷானில் அதே பொருள்கள் 6,000 வெள்ளி. "4,500 வெள்ளி மிச்சம்!" என்று மனம் துள்ளும்.

இப்போது மற்றதைச் சேருங்கள்.

பொருள் விலை: 6,000 வெள்ளி
கப்பல் கட்டணம்: 1,400 வெள்ளி
காப்புறுதி: 100 வெள்ளி
பொருள், சேவை வரி: மேலே உள்ள மூன்றையும் கூட்டி வரும் 7,500 வெள்ளிக்கு 9 விழுக்காடு, அதாவது 675 வெள்ளி
சுங்க அனுமதி, லாரி, மேலே ஏற்றும் கூலி: 450 வெள்ளி
ஒருவர் போய்வரும் செலவு: 1,000 வெள்ளி

மொத்தம் 9,625 வெள்ளி. உண்மையான மிச்சம் 875 வெள்ளி.

கணவன் மனைவி இரண்டு பேரும் போனால் பயணச் செலவு 600 வெள்ளி கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 275 வெள்ளி. மேசைக் கண்ணாடி ஒன்று உடைந்து வந்தால் அதுவும் போச்சு.

அதையே இரண்டு மடங்காக வாங்கினால்? இங்கே 21,000 வெள்ளி, அங்கே 12,000 வெள்ளி. கப்பல் 2,800, காப்புறுதி 200, வரி 1,350, இங்குள்ள செலவு 900, ஒருவரின் பயணம் அதே 1,000. மொத்தம் 18,250 வெள்ளி. மிச்சம் 2,750 வெள்ளி. பயணச் செலவு மாறாமல் பொருள் அதிகமாகும்போதுதான் லாபம் கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு சோபாவுக்காக விமானம் ஏறுவதில் பயன் இல்லை. உறவினர், நண்பர் என்று இரண்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து வாங்கினால் கணக்கு நன்றாக வரும்.

கப்பல் கட்டணத்தில் டைல்ஸ் ஒரு பொறி. மற்றவர்களோடு பகிர்ந்து அனுப்பும்போது, ஒரு கன மீட்டர் அல்லது 1,000 கிலோ, இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். சோபா இடம் பிடிக்கும், கனம் குறைவு. டைல்ஸ் இடம் பிடிக்காது, கனமோ கனம். 10 மில்லிமீட்டர் தடிப்புள்ள போர்சலின் டைல்ஸ் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 23 கிலோ. 70 சதுர மீட்டர் தரைக்கு 10 விழுக்காடு கூடுதலோடு 77 சதுர மீட்டர். கிட்டத்தட்ட 1.8 டன்! "கன மீட்டருக்கு இவ்வளவுதான்" என்ற விளம்பரத்தை நம்பி டைல்ஸ் அனுப்பினால் ரசீது வரும்போது தலை சுற்றும்.

வரி விஷயத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

நல்ல செய்தி முதலில். சிங்கப்பூரில் தீர்வை விதிக்கப்படுவது மதுபானம், புகையிலை, வாகனம், பெட்ரோலியப் பொருள்கள் ஆகியவற்றுக்குத்தான். டைல்ஸுக்கும் சோபாவுக்கும் தீர்வை இல்லை. பொருள், சேவை வரி மட்டும் உண்டு.

கையோடு எடுத்து வந்தால்: 48 மணி நேரம் அல்லது அதற்கு மேல் வெளியே இருந்தவருக்கு 500 வெள்ளி வரை வரிச் சலுகை. 48 மணி நேரத்துக்குக் குறைவு என்றால் 100 வெள்ளி வரை மட்டுமே. காலையில் ஜேபி போய் 350 வெள்ளிக்கு விரிப்பும் கைப்பிடிகளும் வாங்கி மாலையில் திரும்பினால், 250 வெள்ளிக்கு வரி கட்ட வேண்டும். 22 வெள்ளி 50 காசு. வேலை அனுமதிச் சீட்டு, வேலை அட்டை, மாணவர் அட்டை, நீண்டகால வருகை அட்டை போன்றவற்றில் இங்கே இருப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.

கப்பலிலோ லாரியிலோ வந்தால்: மதிப்பு எவ்வளவாக இருந்தாலும் வரி உண்டு. 400 வெள்ளி வரைக்கும் இறக்குமதியின்போது வரி வேண்டாம் என்ற விதி விமானத்திலும் அஞ்சலிலும் வரும் பொருள்களுக்கு மட்டும்தான். அதற்கும் 2023 ஜனவரி 1-ஆம் தேதியிலிருந்து, பதிவு செய்துகொண்ட வெளிநாட்டு இணையக் கடைகள் விற்கும்போதே வரி வாங்கிக்கொள்கின்றன. வரி கட்டியதைக் காட்டும் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். இல்லாவிட்டால் ஒரே பொருளுக்கு இரண்டு முறை கட்ட நேரும்.

"வரி உட்பட எல்லாம் சேர்த்து" என்று சொல்லும் அனுப்பீட்டு நிறுவனங்கள் உண்டு. அப்படிச் சொன்னால் சுங்க அனுமதிப் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். உங்கள் 6,000 வெள்ளிப் பொருளை 600 வெள்ளி என்று குறைத்துக் காட்டியிருந்தால் சிக்கல் உங்கள் வீட்டுக் கதவையும் தட்டலாம். வரி ஏய்ப்பு நிரூபிக்கப்பட்டால் ஏய்த்த தொகையைப் போல 20 மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். சிறைத் தண்டனையும் உண்டு.

வீவக வீடு என்றால் என்ன விதி?

பொருளை வாங்கிவிட்டு விதியைப் படிப்பவர்கள்தான் அதிகம். வரிசையை மாற்றுங்கள்.

புதிய புளோக் என்றால், கட்டி முடித்த தேதியிலிருந்து 3 ஆண்டுக்குக் குளியலறை, கழிவறையின் சுவர், தரை டைல்ஸைப் பெயர்த்து மாற்றக் கூடாது. அடியில் இருக்கும் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு கெடாமல் இருக்கத்தான் இந்த விதி. பிடிஓ வீட்டுக்குச் சாவி வாங்கிய கையோடு ஃபோஷானில் குளியலறை டைல்ஸ் வாங்கினால் அதைப் பரணில்தான் வைக்க வேண்டும்.

தரையின் மொத்தத் தடிப்பு, சிமெண்டுப் பூச்சையும் சேர்த்து, 50 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. பழைய தரைமேல் புது டைல்ஸ் ஒட்டுவதாக இருந்தால் தடிப்பான டைல்ஸ் வாங்கும் முன் அளந்து பாருங்கள்.

வாசல் கதவு சில வீடுகளில் தீ தடுப்புக் கதவாக இருக்க வேண்டும். படிக்கட்டு, மின்தூக்கிக் கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வீடுகள் கட்டாயம் விசாரிக்க வேண்டும். ஜேபியில் வாங்கும் அழகான மரக் கதவுக்குச் சிங்கப்பூர் ஏற்கும் சான்றிதழ் இருக்காது.

சன்னலை யார் வேண்டுமானாலும் மாட்ட முடியாது. கட்டட, கட்டுமான ஆணையத்தின் ஒப்புதல் பெற்ற சன்னல் குத்தகையாளர்தான் பொருத்த வேண்டும். சன்னல் விழுந்தால் கீழே நடப்பவர் உயிர் போகும். சட்டம் இதில் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

புதுப்பிப்பு வேலையை வீவக-வின் பட்டியலில் உள்ள குத்தகையாளர் செய்ய வேண்டும். பொருள் எங்கே வாங்கினாலும் இது மாறாது.

ஜேபியிலிருந்து ஆளையும் சேர்த்து வரவழைக்கலாமா?

"நாங்களே வந்து மாட்டித் தருவோம், ஒரே நாள் வேலை" என்று சில பட்டறைகள் சொல்லும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சுற்றுப்பயணியாக வந்தவர் சிங்கப்பூரில் வேலை செய்யக் கூடாது. செல்லுபடியாகும் வேலை அனுமதி இல்லாத வெளிநாட்டவரை வேலைக்கு வைத்தால் 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். அமர்த்தியவர் வீட்டு உரிமையாளர் என்றால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

வழி இருக்கிறது. சிங்கப்பூரில் பதிவு பெற்று, முறையான ஊழியர்களை வைத்திருக்கும் நிறுவனங்கள் சில ஜேபியில் பட்டறை நடத்துகின்றன. செய்வது அங்கே, மாட்டுவது இங்கே உள்ள ஆட்கள். விலை கொஞ்சம் கூடும். தூக்கம் வரும்.

உடைந்து வந்தால் யாரைக் கேட்பது?

விலைச்சீட்டில் தெரியாத மிகப் பெரிய செலவு இதுதான்.

சிங்கப்பூர்க் கடையில் வாங்கிய பொருளில் 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்த குறை என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருக்கும் விதி அது. கடைக்காரர் சரிசெய்து தர வேண்டும், அல்லது மாற்றித் தர வேண்டும். மறுத்தால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே வாதாடலாம்.

ஃபோஷான் கடைக்காரர்மேல் இதில் எதையும் நடைமுறையில் பயன்படுத்த முடியாது. குறுஞ்செய்திக்குப் பதில் வரும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இன்னொன்று: குத்தகையாளர் வழியாக வாங்கும்போது அவர் பொருளின்மேல் லாபம் வைக்கிறார், உண்மை. அந்த லாபத்தோடு பொறுப்பையும் ஏற்கிறார். நீங்களே பொருள் வாங்கிக் கொடுத்தால் அவர் கூலியை ஏற்றுவார். டைல்ஸ் வளைந்திருந்தால் "பொருள் சரியில்லை" என்பார். கடைக்காரர் "ஒட்டியது சரியில்லை" என்பார். நடுவில் நீங்கள்.

ஆகவே பொருள் வாங்கும் முன் குத்தகையாளரிடம் பேசி, இரண்டு விலை கேளுங்கள்: பொருளோடு எவ்வளவு, கூலி மட்டும் எவ்வளவு. சிலரிடம் இந்த இரண்டுக்கும் இடைவெளி மிகக் குறைவாக இருக்கும். அப்படியிருந்தால் வெளிநாட்டுக் கணக்கை அங்கேயே மூடிவிடலாம்.

கிளம்பும் முன் இதைப் பாருங்க

ஒன்று, வீட்டை மில்லிமீட்டரில் அளந்து, மின்தூக்கி, வாசல், நடைவழி உட்பட எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு, வாங்கப்போகும் பொருளின் சிங்கப்பூர் விலையைக் குறைந்தது இரண்டு கடைகளில் கேட்டு வையுங்கள். அது இல்லாமல் அங்கே போனால் எல்லாமே மலிவாகத்தான் தெரியும்.

மூன்று, முன்பணம் எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு குறைவாகக் கொடுங்கள். மீதியை, பொருள் தயாராகி, பெட்டியில் அடைக்கும் முன் எடுத்த படங்களைப் பார்த்த பிறகு கொடுங்கள்.

நான்கு, ரசீதில் மாதிரி எண், நிறம், அளவு, தொகுதி எண் இருக்கட்டும். "படத்தில் இருப்பது போல" என்பது ஒப்பந்தம் ஆகாது.

ஐந்து, கப்பல் காப்புறுதி எடுங்கள். உடைவதற்கும் பொருந்துமா, தொலைந்தால் மட்டுமா என்று கேளுங்கள்.

ஆறு, பொருள் வந்து இறங்கும்போது லாரிக்காரர் முன்னாலேயே பெட்டியைத் திறந்து காணொளி எடுங்கள்.

ஏழு, சீனப் புத்தாண்டுக்கு முன்னும் பின்னும் சீன ஆலைகள் வாரக்கணக்கில் மூடியிருக்கும். வீட்டு வேலை அந்த நேரத்தில் வந்தால் முன்கூட்டியே வாங்குங்கள், அல்லது விட்டுவிடுங்கள். டைல்ஸ் வராமல் ஒரு மாதம் வேலை நின்றால், வாடகை வீட்டில் இருப்பவருக்கு அந்த ஒரு மாத வாடகையே மிச்சம் பிடித்த பணத்தைத் தின்றுவிடும்.

ஆக, போகலாமா வேண்டாமா?

நிறைய அறைகலன் வாங்க வேண்டும், கையில் பணம் இருக்கிறது, அவசரம் இல்லை, அளவெடுத்துப் பின்தொடர நேரமும் பொறுமையும் இருக்கிறது என்றால் போகலாம். கணக்கு உங்கள் பக்கம் வர வாய்ப்பு அதிகம்.

இரண்டு குளியலறைப் பொருள்கள், ஒரு வாட்டர் ஹீட்டர், நான்கு விளக்கு என்பவர்களுக்கு இங்குள்ள கடையே போதும். சாவி வாங்கி மூன்று மாதத்தில் குடிபோக வேண்டியவர்களுக்கும் அதேதான்.

பட்ஜெட் இடிக்கிறது என்றால், வெளிநாடு போவதற்கு முன் கேட்க வேண்டிய எளிய கேள்வி ஒன்று உண்டு. இந்த வேலை இப்போதே தேவையா? பிடிஓ வீட்டில் குளியலறை டைல்ஸ் ஏற்கெனவே போட்டுத்தான் தருகிறார்கள். அலங்காரக் கூரை இல்லாமலும் வீட்டில் வாழலாம். எந்த ஊருக்குப் போனாலும், வாங்காமல் விட்ட பொருளைவிட மலிவான பொருள் கிடைக்காது.